சென்னைப் பேஸ் கேட்கும் புதிய துணை விமானிகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் வளர்ந்து, இருநூறு மணி நேரம் பறந்து உரிமம் வாங்கி, ஏ320-க்கோ ஏடிஆருக்கோ டைப் ரேட்டிங்கும் முடித்து, கையில் வேலைக் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் இனிப்பு கொடுத்தாயிற்று. இனி நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: எந்த ஊர் பேஸாக வேண்டும், விருப்பத்தை வரிசையாக எழுதுங்கள் என்று. யோசிக்காமல் முதலில் 'சென்னை' என்று எழுதுவீர்கள். அடுத்த வரியில் டெல்லியோ பெங்களூரோ எழுதிவிட்டு, 'கிடைத்தால் என்ன, வீடு மயிலாப்பூரிலேயே இருக்கட்டும், பறந்து போய் வந்துகொள்ளலாம், நாமே விமானிதானே' என்று மனசுக்குள் கணக்குப் போடுவீர்கள். இந்தக் கடிதம் அந்தக் கணக்கைப் பற்றியது.

நான் விமானி இல்லை. ஒரு விமான நிறுவனத்தின் ரோஸ்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், மந்தைவெளியில் குடியிருக்கிறேன். யாருக்கு எந்த விமானம், எத்தனை மணிக்கு ரிப்போர்ட்டிங் என்று கட்டம் போட்டவன். ஸ்டாண்ட்பையில் இருக்கும் விமானியை இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் எழுப்பும் குரல் என்னுடையது. அந்தக் குரலுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை, எதிர்பார்த்ததும் இல்லை. ஆனால் எதிர்முனையில் 'ஹலோ' என்று கேட்ட மாத்திரத்தில், பேசுகிறவர் ஆறு மணி நேரம் தூங்கியவரா, விமான நிலைய நாற்காலியில் கண்ணயர்ந்தவரா என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பேஸ் என்பது உங்கள் அம்மா இருக்கும் ஊர் என்று நினைக்காதீர்கள். டூட்டிக்கு முந்தின இரவு நீங்கள் எங்கே படுப்பீர்களோ அதுதான் உங்கள் பேஸ். இரண்டும் ஒரே ஊராக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால், குறைந்தபட்சம் முதல் இரண்டு வருடம், ஜாகையைப் பேஸுக்கு மாற்றுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், விதி உங்களுக்குத் துணை வராத இடம் இது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின், அதாவது டிஜிசிஏவின், பணி நேர வரம்பு விதிகளைப் பாடமாகப் படித்திருப்பீர்கள். முந்தைய டூட்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம், அல்லது 12 மணி நேரம், இதில் எது அதிகமோ அது அடுத்த டூட்டிக்கு முன் ஓய்வு. ஏழு நாளில் 35 மணி நேரம், 28 நாளில் 125 மணி நேரம், ஒரு வருடத்தில் 1,000 மணி நேரம் என்று பறத்தலுக்கு உச்ச வரம்பு. நிறுவனம் சொல்லி உங்களைப் பயணியாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பினால் அது டெட்ஹெட். டூட்டிக் கணக்கில் சேரும். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து பேஸ் விமான நிலையத்துக்கு வரும் பயணம் டூட்டியில் சேராது. வீடு நங்கநல்லூரில் இருந்தாலும் சரி, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சரி. கேபின் ஒன்றுதான், இருக்கை ஒன்றுதான். நிறுவனம் அனுப்பினால் வேலை. நீங்களாக வந்தால் ஓய்வு! ரோஸ்டர் மேசையில் எங்கள் கணினித் திரையில் அந்த நேரம் பச்சையாக, 'ரெஸ்ட்' என்றே தெரியும்.

ஒரு வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். பேஸ் டெல்லி, வீடு மயிலாப்பூர். திங்கள் இரவு பத்து மணிக்கு டெல்லியில் டூட்டி முடிகிறது. அதன்பின் வார ஓய்வு. அடுத்த ரிப்போர்ட்டிங் வியாழன் காலை ஐந்து மணி. நடுவில் 55 மணி நேரம். விதி கேட்பது 48 மணி நேரமும் அதற்குள் இரண்டு இரவுகளும். எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போது நீங்கள் உண்மையில் என்ன செய்வீர்கள் என்று பாருங்கள். திங்கள் இரவு சென்னைக்கு விமானம் பிடிக்க நேரமில்லை. அறைக்குப் போய்ப் படுத்து, விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, காலை முதல் விமானத்தைப் பிடிப்பீர்கள். மாட வீதியில் இறங்கும்போது செவ்வாய் பத்தரை. புதன் மாலை நாலு மணிக்கே மறுபடி பெட்டியைத் தூக்கியாக வேண்டும். டெல்லியில் இறங்கி அறைக்குப் போகப் பதினொன்று. வியாழன் காலை ஐந்து மணி ரிப்போர்ட்டிங்குக்கு மூன்று மணிக்கு அலாரம். இடையில் இருந்த மூன்று இரவில், அடுத்த டூட்டியை ஒட்டிய இரவும் போயிற்று, முந்தைய டூட்டியை ஒட்டிய இரவும் போயிற்று. நடுவில் ஒரே ஓர் இரவு அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கினீர்கள். காகிதத்தில் 55 மணி நேர ஓய்வு. காக்பிட்டில் உட்காரும்போது நாலு மணி நேரத் தூக்கம். யாரும் எந்த விதியையும் மீறவில்லை.

இதிலும் எல்லாம் நேரப்படி நடந்ததாகத்தான் எழுதியிருக்கிறேன். ஊழியர் டிக்கெட்டில் இடமிருந்தால்தான் ஏற்றுவார்கள். பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறை என்று நீங்கள் வீட்டில் இருக்க ஆசைப்படும் நாளெல்லாம் ஊரே வீட்டில் இருக்க ஆசைப்படும் நாள். கவுன்டரில் நின்று கடைசி நிமிடத்தில் 'ஃபுல்' என்று கேட்டுவிட்டு, அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பனிமூட்டம் வேறு. பயணி தாமதமானால் மன்னிப்புக் கேட்டுச் செய்தி வரும். ரிப்போர்ட்டிங்குக்கு நீங்கள் தாமதமானால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

அமெரிக்காவில் இப்படி ஓரூரில் வீடும் வேறூரில் பேஸுமாக வாழ்வது விமானிகளிடையே வழக்கமாகவே ஆகிவிட்ட ஒன்று. அது எங்கே கொண்டு விட்டது என்பதற்கு ஒரு விபத்தை அவசியம் படியுங்கள். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407, தரையிறங்கும் முன் வேகம் இழந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவருமாக 50 பேர் இறந்தார்கள். இரு விமானிகளின் பேஸும் நியூவார்க். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். துணை விமானி சியாட்டில் அருகே பெற்றோருடன் இருந்த இளம்பெண். முந்தின இரவு சரக்கு விமானத்தில் ஏறி, மெம்ஃபிஸில் மாறி, காலையில்தான் நியூவார்க் வந்து சேர்ந்தார். நியூவார்க்கில் இரண்டு பேருக்கும் அறை இல்லை. விமானிகள் ஓய்வறையின் சோபாதான் படுக்கை. துணை விமானியின் வருமானம் வருடத்துக்கு 16,000 டாலர் அளவில் இருந்தது என்பது விசாரணையில் வெளிவந்து, நாடே அதைப் பேசியது. அந்தச் சம்பளத்தில் நியூவார்க்கில் யாரால் வாடகை கொடுக்க முடியும்?

இவர்கள் இருவர் மட்டும் விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. அங்கே பேஸ் கொண்டிருந்த கோல்கன் விமானிகள் 137 பேரில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கெடுத்தது. வாரியத்தின் தீர்ப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: விபத்துக்குக் காரணம் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்த தவறான செயல். சோர்வு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவுக்கு என்று நிறுவ முடியவில்லை என்றது வாரியம். சோர்வின் குணம் அப்படி. கருப்புப் பெட்டியில் வேகம் பதிவாகும், உயரம் பதிவாகும், தூக்கக் கடன் பதிவாகாது.

நம் நாட்டில் ஒரு முறை அதுவும் பதிவானது. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போனார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேச்சு இல்லை, குறட்டைதான் கேட்டது. கேப்டன் நீண்ட நேரம் தூங்கி, தரையிறங்கும் நேரத்தை ஒட்டி விழித்து, அந்தத் தூக்கக் கலக்கத்திலேயே முடிவெடுத்தார் என்பது விசாரணை நீதிமன்றத்தின் கண்டறிதல்களில் ஒன்று. இது வெளியூரிலிருந்து வந்து போகிற விமானியின் கதை என்று நான் சொல்லவில்லை. மனித உடம்புக்கு அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் பாடப் புத்தகத்திலும் அந்த நான்கு மணி நேரத்துக்குத் தனிப் பெயர் உண்டு. தேர்வுக்காகப் படித்ததை ரோஸ்டருக்காக இன்னொரு முறை படியுங்கள்.

'விதிதான் இப்போது கடுமையாகிவிட்டதே' என்பீர்கள். ஆகியிருக்கிறது, அதுவும் வெகுகாலப் போராட்டத்துக்குப் பிறகு. 2023 ஆகஸ்டில் ஒரு விமானி நாக்பூர் விமான நிலையத்தில், விமானத்தில் ஏறும் வாயிலருகே சரிந்து விழுந்து இறந்தபோது விமானிகளின் களைப்பு மறுபடி பேச்சானது. 2024 ஜனவரியில் டிஜிசிஏ புது விதி கொண்டுவந்தது: வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, 'இரவு' என்பது ஐந்து மணிக்குப் பதில் ஆறு மணி வரை, இரவில் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. நிறுவனங்கள் தயங்கின, தேதி தள்ளிப்போனது, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் அட்டவணை குலைந்து, ஐந்தாம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தானதை நாடே பார்த்தது. இரவுப் பணி விதிகளில் சிலவற்றிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கும் தரப்பட்டது.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பன்னிரண்டு மணி நேரக் கூடுதல் ஓய்வு அது. சென்னைக்கும் டெல்லிக்கும் ஒரு முறை போய் வந்தால், வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை கணக்கிட்டால், அந்தப் பன்னிரண்டும் அதிலேயே கரைந்துவிடும். விமானிகள் சங்கம் வாதாடி வாங்கியதை நீங்கள் போர்டிங் வரிசையில் நின்று செலவு செய்கிறீர்கள்.

பிரிட்டனில் பல காலம் வழக்கிலிருந்த சிஏபி 371 என்ற விதித்தொகுப்பில் எனக்குப் பிடித்த ஒரு வாசகம் உண்டு. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு வழக்கமாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால், பேஸுக்கு அருகே தற்காலிகத் தங்குமிடம் பார்த்துக்கொள்வது பற்றி விமானி யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிறுவனத்தைப் பார்த்துச் சொன்னதில்லை, விமானியைப் பார்த்துச் சொன்னது. இந்த ஒன்றரை மணி நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்த்தால் பெங்களூர்தான் பெரிய ஆசைகாட்டி. 'ஒரு மணி நேரம்தானே' என்பார்கள். அடையாறிலிருந்து மீனம்பாக்கம் முக்கால் மணி, அங்கே காத்திருப்பு ஒரு மணிக்கு மேல், பறப்பது ஒரு மணி, இறங்கி வெளியே வர அரை மணி. மூன்று மணி நேரத்துக்கு மேலானதை ஒரு மணி நேரம் என்று சொல்லப் பழகியிருக்கிறோம். ரயில் என்றால் வந்தே பாரத்தில் நாலரை மணி நேரம், பிறகு நகரின் நடுவிலிருந்து தேவனஹள்ளிக்கு இன்னொரு மணிக்கு மேல். 2008-இல் விமான நிலையத்தை ஊருக்கு வெளியே முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே. இரவு பஸ் ஏறி, காலையில் இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போகலாம் என்று நினைக்கிறவரிடம் எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் பெங்களூரில் பேஸ் கிடைத்து, எலஹங்காவில் ஓர் அறை எடுத்து, அதையே வீடாக நினைத்து, மாதத்துக்கு இரண்டு முறை சென்னை வந்து போகிறீர்கள் என்றால், அது நல்ல ஏற்பாடு. என் இரண்டாவது விருப்பம் அதுதான். ஹைதராபாத் அதற்கு அடுத்தது. மும்பைக்கு வாடகை ஒன்றே போதும் பதில் சொல்ல. 2025 டிசம்பர் முதல் நவி மும்பையும் இயங்குவதால், 'மும்பை பேஸ்' என்றால் எந்த ஓடுபாதை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பேஸ் ஊரில் நாலைந்து பேராக வாடகைக்கு எடுத்து, வருகிறவர் படுத்துப் போகும் அறையை விமானிகள் 'கிராஷ் பேட்' என்கிறார்கள். நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன்தான், ஏசி போட்டது. மேன்ஷனில் இருந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேலைக்குப் போய் ஒரே நேரத்தில் விளக்கை அணைத்தார்கள். இங்கே ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் கிளம்புவார். மூன்றாமவரின் அலாரம் நாலு பேரையும் எழுப்பும். முதல் வருடத்தில், லைன் ட்ரெய்னிங் நடக்கும்போது, இது வேண்டாம். சம்பளத்தில் கொஞ்சம் போனாலும் கதவைத் தாழ்போட்டுக்கொள்ளும் தனி அறை எடுங்கள்.

சரி, சென்னையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கிற வாய்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்தில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு மண்டலம். சென்னையில் சேர்ந்தவர் பலர் சென்னையிலேயே ஓய்வு பெற்றார்கள். இப்போது எந்த ஊரில் இரவு எத்தனை விமானம் நிற்கிறதோ, அதிகாலையில் அங்கிருந்து எத்தனை கிளம்புகிறதோ, அதற்கேற்பத்தான் விமானி எண்ணிக்கை. அட்டவணை மாறினால் பேஸும் மாறும். சென்னையிலிருந்து காலையில் அந்தமானுக்கு, ஏடிஆரில் தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும், இரவில் சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு என்று போக்குவரத்து நிறைய. அதனால் காத்திருந்தால் இடம் வரும். ஆனால் புதியவருக்கு முதல் நாளே வரும் என்று யாராவது உறுதி சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

சென்னைக்குள்ளேயே எங்கே இருப்பது? இதில்தான் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். அதிகாலை ரிப்போர்ட்டிங்குக்கு மயிலாப்பூர் தூரம் என்று பயப்படுவார்கள். அதிகாலை மூன்றரைக்கு லஸ் முனையிலிருந்து விமான நிலையம் அரை மணி நேரம்தான். கத்திப்பாராவில் காற்று மட்டும்தான் இருக்கும். தொல்லை மாலையில். ஏழு மணி விமானத்துக்கு ஆறுக்கு முன்பே ரிப்போர்ட்டிங் என்றால், நாலரைக்கே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் சர்தார் படேல் சாலையும் கிண்டியும் ஜிஎஸ்டி சாலையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். போதாததற்கு மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் என்று நீங்கள் இருக்கும் இடத்தையெல்லாம் தோண்டிப்போட்டது.

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றிலும் என்னைக் கேட்டால் தி. நகர் முந்தும். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் விமான நிலையம். நந்தனத்திலோ சைதாப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் இருபது நிமிடம் சொச்சம். மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் தொடங்கும், இரவு பதினொன்றோடு முடியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கார் சிக்கும் மாலை நேரத்துக்கு இது போதும், சிக்காத அதிகாலைக்குக் கார் இருக்கிறது. சீருடையோடு மின்சார ரயிலில் போகக் கூச்சமாக இருந்தால், சட்டையைப் பையில் வையுங்கள். அடையாறுக்காரர்கள் சின்னமலை மெட்ரோ வரை ஆட்டோ. மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தேனாம்பேட்டை. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிப் பக்கம் வீடுள்ளவர்கள் முந்தின நாளே காரை வெளியே நிறுத்திவிடுவது நல்லது. மயிலாப்பூரில் வளர்ந்தவருக்கு இதை நான் சொல்வது அதிகப்பிரசங்கம்.

மழைக்காலத்தை மறக்கக் கூடாது. அடையாற்றின் மேல் பாலம் கட்டி ஓடுபாதையை நீட்டிய விமான நிலையம் இது. 2015 டிசம்பர் 1 இரவு மூடியது, வழக்கமான பயணிகள் சேவைக்கு ஆறாம் தேதி ஆனது. நடுவில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், இரண்டிலும் மூடினார்கள். விமான நிலையம் திறந்த முதல் மணி நேரத்தில் யார் வந்து சேர முடிகிறதோ அவர்தான் பறப்பார். ஆகவே கோட்டூர்புரம், சைதாப்பேட்டை ஆற்றோரம், வேளச்சேரி ஆகிய இடங்களில் வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் விசாரிக்காமல், 2015-இல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்றும் எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். போகிப் புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். 2018 போகி காலை எத்தனை விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டன என்று உங்கள் சீனியர்கள் சொல்வார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் பகல் தூக்கம். இரவு சிங்கப்பூர் போய் வந்தவருக்குக் காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரைதான் ராத்திரி. உஸ்மான் சாலையை ஒட்டிய வீட்டில் அது கிடைக்காது. விமான நிலையத்துக்குப் பக்கம் என்று பல்லாவரத்தில் வீடெடுத்தால், உங்கள் நண்பர்களே தலைக்கு மேல் பறந்து எழுப்புவார்கள். தெருவைப் பார்க்காத பின்பக்க அறை, தடித்த திரை, பகலில் அழைப்பு மணியை அணைத்துவைக்கும் குடும்பம்: இந்த மூன்றாவதுதான் கஷ்டம். சொந்த வீட்டில் இருக்கும் சௌகரியம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் 'பதினோரு மணி ஆச்சு, மாமா வந்திருக்கார், எழுந்து வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போய்ப் படுத்துக்கோடா' என்பதும் அதே வீட்டில்தான். இந்தப் பத்தியை மட்டுமாவது பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. உலக சராசரியைவிட நம் நாட்டில் பெண் விமானிகளின் பங்கு அதிகம் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். மூன்று மணிக்கு வாசலில் கார் வந்து நின்றால், 'இந்த நேரத்துல பொண்ணு எங்க போறா' என்று மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் வீட்டுக்காரரும் இதே நாட்டில்தான் இருக்கிறார். வாடகைக்குப் பேசும்போதே வேலை என்ன, கார் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் அடுத்த வீடு. பத்து மாத அட்வான்ஸைக் கொடுத்த பிறகு சுளிக்கும் முகத்தைப் பார்ப்பதைவிட அது மேல்.

வீடு வாங்குவதைப் பற்றி ஒரு வரி: இப்போது வேண்டாம். கேப்டன் பதவிக்கு 1,500 மணி நேரம் பறந்து அடுத்த உரிமம் வாங்க வேண்டும். கமாண்ட் கிடைக்கும்போது அது எந்த ஊரில் கிடைக்கும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. துணை விமானி வேலையை விட ஆறு மாதம், கேப்டன் விட ஒரு வருடம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது 2017 முதல் விதி. பலருக்கு பாண்டும் இருக்கும். நினைத்தவுடன் சென்னையில் பேஸ் தரும் நிறுவனத்துக்குத் தாவ முடியாது. கூடவே பரந்தூர். 2022 ஆகஸ்டில் அறிவித்த இரண்டாவது விமான நிலையம், ஏகனாபுரத்து மக்களின் எதிர்ப்பைத் தாண்டி ஒருநாள் இயங்கத் தொடங்கினால், அடையாறு வீட்டின் இருபது வருடக் கடன் பாதியில் இருக்கும். டூட்டி காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும். அந்தத் தூரம் ஒன்றரை மணி நேர அளவுகோலுக்குள் வருமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் மனிதவளப் பிரிவிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பேஸ் மாற்றம் கேட்டால் வரிசை எப்படி, சேர்ந்த தேதிப்படியா, மேலாளர் விருப்பப்படியா? பிக்கப் கார் எத்தனை கிலோமீட்டர் வரை வரும்? ஸ்டாண்ட்பையில் அழைத்தால் எத்தனை நிமிடத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் தொண்ணூறு நிமிடம் என்றால், மயிலாப்பூரில் இருந்துகொண்டு டெல்லி ஸ்டாண்ட்பை செய்ய முடியாது என்பது அங்கேயே முடிந்துபோகும். சிலர் முயன்று பார்த்தார்கள். போனை எடுத்ததும் பின்னணியில் காய்கறிக்காரர் தமிழில் கூவுவது எனக்குக் கேட்கும்.

சோர்வாக இருக்கிறது, பறக்க முடியாது என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. களைப்பு அறிக்கை கொடுக்க வழி இருக்கிறது. நிறுவனங்கள் அவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஜிசிஏவுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்தச் சோர்வு ரோஸ்டரால் வந்ததா, நீங்களாகத் தேடிக்கொண்ட பயணத்தால் வந்ததா என்று எதிர்த் தரப்பு கேட்கும். கேட்கும்போது உங்கள் பக்கம் சுத்தமாக இருக்கட்டும்.

கடைசியாகப் படிவம். முதல் வரியில் சென்னை எழுதுங்கள், தவறில்லை. இரண்டாவது வரியில், நாளையே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்க் குடியிருக்கத் தயாராக இருக்கும் ஊரை எழுதுங்கள். அதை வெறுமையாக விட்டால், அங்கே நிறுவனம் தன் தேவையை எழுதிக்கொள்ளும்.

அன்புடன்,
மந்தைவெளியிலிருந்து ஒரு பழைய ரோஸ்டர்க்காரன்